நானூத்தி இருவது கிராம்

எடை கொறைச்சு வேணுமா? அப்ப நீங்க வேற எடம் பாத்துக்கோங்க. இதே ரோட்டுல நேராப் போனீங்கன்னா ஒருத்தன் இருக்கறான், போர்டுல 'டிசைனர்'னு போட்டிருப்பான். ஊதுபத்தி ஸ்டேண்டாட்டம் ஒண்ணு செஞ்சு குடுப்பான். நெம்ப லேசா இருக்கும். உங்க பொண்ணு அதுல சாம்பிராணி போடலாம்.

அட, உக்காருங்க. ஒரு வார்த்தை சொன்னா எந்திரிச்சுப் போயிருவீங்களா? பொண்ணுக்காக வந்திருக்கறீங்க, பொறுமை வேண்டாமா? தண்ணி அந்த ஜக்குல இருக்குது. குடிங்க.

உங்களுக்குத் துப்பாக்கியைப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு நீங்க நடந்து வந்த தோரணையிலயே தெரிஞ்சு போச்சு. தப்பில்ல. தெரிஞ்சமாதிரி வர்றவனுகதான் உயிரை எடுக்கறானுக. சொல்றேன் கேளுங்க. துப்பாக்கியில இரும்பு எல்லாம் கம்பெனிக்காரன் செஞ்சது. அதுல நான் கை வெக்கறதில்ல. நான் செய்யறது கட்டை. ஸ்டாக்னு சொல்றது. கன்னம் வெக்கற எடம், தோளுல பதியற எடம், கை புடிக்கற எடம், அவ்வளவுதான். கம்பெனிக் கட்டை ஆறடி வெள்ளைக்காரனுக்குச் செஞ்சது. நம்மாளு அதுல கன்னத்தை வெச்சான்னா பல்லிமாதிரி ஒட்டிக்கிட்டுக் கெடக்கோணும். முன்னூறு மீட்டரு, அறுநூறு மீட்டருன்னு தூரத்துல குறி வெக்கறவன் குப்புறப் படுத்து சுடறான். அவன் கன்னம் ஒவ்வொருக்காவும் அதே எடத்துல போய் உக்காரோணும். ஒரு நூல் தள்ளி உக்காந்தாலும் அந்தப் பக்கம் குண்டு எங்கியோ போயிரும். அதனாலதான் ஆளுக்கு அளவெடுத்துக் கட்டை செய்யறது. ஜாக்கெட் தைக்கறமாதிரின்னு வெச்சுக்கோங்க, உங்களுக்குப் புரியறதுக்குச் சொல்றேன்.

நான் முப்பது வருசம் ஒரு மோட்டார் பம்ப்பு கம்பெனியில டிசைன் செக்சனுக்குத் தலைவனா இருந்தவன். வரதராஜுலு போட்ட ட்ராயிங்னா எவனும் மறுபடி அளந்து பாக்க மாட்டான். அரை மில்லிமீட்டர்னாலும் என்ற கண்ணுக்குத் தெரியும். கருவியே வேண்டியதில்ல.

நான் சுட்டிருக்கறனான்னா? இல்லீங்க. ஒரு தடவை கூட இல்ல. சேலை நெய்யறவன் அதைக் கட்டிப் பாக்கோணுமா? நல்லாக் கேட்டீங்க போங்க.

இந்தப் பேப்பரைப் படிங்க. 'அளவு எடுத்த பிறகு எந்த மாற்றமும் செய்யப்பட மாட்டாது.' இதுல கையெழுத்துப் போட்டாத்தான் உங்க பொண்ணு தோளை நான் அளப்பேன். முன்னெல்லாம் இந்தப் பேப்பர் கெடையாது. இது தெய்வசிகாமணிக்கு அப்பறம் வந்தது.

உடுமலைப்பேட்டைக்காரன். நூல் மில்லு, தென்னந்தோப்பு, ரண்டு காரு. அம்பத்திரண்டு வயசு. பதினஞ்சு வருசமா சுடறான், மாநிலப் போட்டியில நாலாவது எடத்துக்கு மேல வந்ததில்ல. போன வருசத்துக்கு முந்தின வருசம் ஆடி மாசம், ஒரு நாள் காலையில வந்து இதே ஸ்டூல்லதான் உக்காந்தான்.

"இன்ஜினியர் சார், தை மாசம் பெரிய போட்டி. அதுக்கு ஒரு கட்டை வேணுமுங்க. எங்க பழைய ஊட்டுல தேக்கு உத்தரம் ஒண்ணு கழட்டி வெச்சிருக்கறோம், தாத்தா காலத்துது. அதுலயே செய்யலாமுங்களா?"

"உங்க தாத்தா உத்தரத்துல படுத்து சுட்டாருங்களா?"ன்னு கேட்டேன்.

சிரிச்சான். திட்டுனாச் சிரிக்கற பணக்காரனை எனக்குப் புடிக்காது. திட்டு வாங்கறதே அவியளுக்கு ஒரு பொழுதுபோக்கு. மில்லுல ஆயிரம் பேர் 'மொதலாளி மொதலாளி'ன்னு நிக்கறான், இங்க ஒருத்தன் மூஞ்சியில அடிச்சாப்புல பேசறான், அது ஒரு ருசி. வேற என்ன?

தேக்குல எண்ணெய் இருக்குது, பசை ஒட்டாது, நான் மெல்லிசு மரத்தகடு ஒட்டி அழுத்துன பலகையிலதான் செய்வேன்னு சொன்னேன். சரின்னான். கழுத்து நீளம், கன்ன எலும்புல இருந்து கண்ணு எவ்வளவு ஒசரம், தோள்பட்டைக் குழியில இருந்து ட்ரிகர் வெரல் வரைக்கும் எவ்வளவு, உள்ளங்கை அகலம், எல்லாம் எடுத்தேன். கைப்பிடிக்குக் களிமண்ணுல அவன் கையை அச்சு எடுத்தேன். அரை மணி நேரம் புடிச்சுக்கிட்டு அசையாம நின்னான். அதுல மட்டும் ஒழுங்கு.

ஆவணியில கட்டை முடிஞ்சுது. துப்பாக்கியோட மொத்தம் ஆறு கிலோ எண்ணூறு. வரம்பு எட்டு கிலோ. கனம்தானுங்க நெதானம். கனமா இருந்தா சுடறப்பத் துள்ளாது, இதயம் துடிக்கறது கூடக் குழல்ல தெரியாது. அவன் ரேஞ்சுக்குக் கொண்டு போயி சுட்டுட்டு அந்தக் குறி அட்டையைப் படம் புடிச்சு அனுப்பிச்சான். அறுநூறு மீட்டர்ல அஞ்சு குண்டும் ஒரு உள்ளங்கைக்குள்ள. கீழ ஒரு வரி, 'பதினஞ்சு வருசமா வேற ஒருத்தன் சட்டையப் போட்டுட்டு இருந்திருக்கறேன் சார்'னு.

அதோட நிறுத்தியிருக்கலாமல்ல?

புரட்டாசியில வந்தான். "கன்னம் சரியா உக்கார மாட்டேங்குதுங்க. கொஞ்சம் ஏத்தோணும்."

"போன மாசம் உக்காந்துதுங்களா?"

"உக்காந்துதுங்க."

"கட்டை சுருங்கிப் போச்சுங்களா?"

"எனக்குத் தெரியலீங்க. நீங்களே பாருங்க."

பாத்தேன். கன்னத்துக்கும் கட்டைக்கும் நடுவுல ரண்டு மில்லி எடைவெளி. நான் செஞ்ச கட்டையில! படுக்கற விதத்தை மாத்தியிருக்கறான், எவனோ கோச்சு வந்து ஏதோ சொல்லிக் குடுத்திருப்பான்னு நெனச்சேன். திட்டிக்கிட்டே ரண்டு மில்லி ஏத்துனேன்.

ஐப்பசியில மறுக்கா வந்துட்டான். இப்பக் கைப்பிடி பெருசா இருக்குதாம். எனக்கு எப்படி இருந்திருக்கும்? அது அவன் கையோட அச்சுங்க! உள்ள இருந்து அந்தக் களிமண் அச்சை எடுத்துட்டு வந்து மேசை மேல வெச்சேன். "கையை வைங்க"ன்னேன். வெச்சான். பக்கத்துல ஒரு பென்சிலைச் சொருகலாம், அத்தனை எடம் இருந்துது. நான் என்ன சொன்னேன் தெரியுமுங்களா? "வேணும்னே சதையை இழுத்துக்கிட்டு வெக்கறீங்க. ஒழுங்கா வைங்க."

"ஒழுங்காத்தானுங்க வெச்சிருக்கறேன்"னான்.

அப்ப இங்க ஸ்டெல்லான்னு ஒருத்தி வேலை பாத்துட்டு இருந்தா. நாப்பது வயசிருக்கும். மெசின்ல இருந்து வர்ற கட்டையை உப்புத்தாள் போட்டு இழைச்சு, வார்னிஷ் அடிச்சுக் குடுக்கறது அவ வேலை. கை சுத்தம், அதை மறுக்க மாட்டேன். வாய்தான் ஆகாது. அவன் காரு கேட்டைத் தாண்டலை, வந்துட்டா.

"சார், அந்தண்ணன் கையைப் பாத்தீங்களா? கட்டைவெரலுக்குக் கீழ சதையே இல்லீங்க சார். குழிஞ்சு கெடக்குது. மொத நாள் வந்தப்ப அப்படி இல்ல."

"நீ உப்புத்தாளைத் தேயி. வைத்தியம் பாக்கறதுக்கு ஆஸ்பத்திரி இருக்குது."

"மூஞ்சியும் வத்திப் போச்சுங்க சார்."

"காசுள்ளவன் டயட்ல இருக்கறான். காலையில பப்பாளி, ராத்திரி ஓட்ஸ்கஞ்சி. நீயும் நானும் சோறு திங்கறோம், நமக்குச் சதை இருக்குது. போ."

கைப்பிடியைச் செதுக்கி மெலிசாக்கிக் குடுத்தேன். மூணு மில்லி. என்ற ட்ராயிங்ல அது ரண்டாவது திருத்தம். முப்பது வருசத்துல என்ற ட்ராயிங்ல 'திருத்தம்'ங்கற கட்டம் காலியாத்தான் இருக்கும்.

கார்த்திகையில வந்து அந்த வார்த்தையைச் சொன்னான். நீங்க சொன்னீங்கல்ல, அதே வார்த்தை.

"எடையைக் கொஞ்சம் கொறைக்க முடியுமுங்களா?"

"எதுக்குங்க?"

"கார்ல இருந்து எடுத்துட்டுப் போயி படுக்கறதுக்குள்ள கை சோர்ந்து போகுதுங்க. அப்பறம் சுடறப்ப நடுங்குது."

நான் கையில இருந்த பேனாவைக் கீழ வெச்சேன். "தென்னந்தோப்பு வெச்சிருக்கறீங்க. ஒரு எளநிக் கொலையை எறக்கித் தூக்குனதில்லீங்களா? பிஞ்சுல இருந்தே ஆள் வெச்சுத்தான் தூக்கறதுங்களா?"

அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டான். "தூக்கியிருக்கறேனுங்க. ரண்டு கையிலயும் ரண்டு கொலை."

"அப்ப ஆறு கிலோ எண்ணூறு என்ன பண்ணும்? எடையைக் கொறைச்சா அது விளையாட்டுச் சாமான். பொம்மை வேணும்னா தேர்க்கடையில வாங்கிக்கோங்க. ஒரு கிராம் கொறைக்க மாட்டேன்."

அதுக்கும் சிரிச்சான். சரிங்கன்னு சொல்லிட்டு, கட்டையை மட்டும் வார்னிஷுக்கு விட்டுட்டுப் போனான். போறப்ப வாசல்ல ஸ்டெல்லாகிட்ட சித்த நேரம் நின்னு பேசிட்டு இருந்தான். வேலைக்காரங்க கிட்ட நின்னு பேசறது சில பேருக்கு ஒரு பெருமை.

மார்கழி மொத வாரம். கட்டை காஞ்சு முடிஞ்சுது. இங்க இருந்து எது வெளிய போனாலும் எடை போட்டுத்தான் போகும், அது என்ற வழக்கம். தராசுல வெச்சேன். நானூத்தி இருவது கிராம் கொறையுது.

தராசு கெட்டுப் போச்சுன்னு நெனச்சேன். இன்னொருக்கா வெச்சேன். அதேதான். பின்னால தோளுல பதியற தகடு ஒண்ணு இருக்கும், அதைக் கழட்டிப் பாத்தா, உள்ள பொந்து! மரங்கொத்தி கொத்துனாப்புல கொடஞ்சு வெச்சிருக்கறா. முன்கை புடிக்கற பக்கமும் அடியில கொடஞ்சு, மேல மெல்லிசாத் தகடு ஒட்டி, வார்னிஷ் அடிச்சு மறைச்சிருக்கறா. வெளிய இருந்து பாத்தா எனக்கே தெரியலை. எனக்கே!

"என்ன இது?"ன்னு கேட்டேன்.

பயப்படலை. உப்புத்தாளைக் கீழ வெச்சுட்டு நேராப் பாத்தா. "நான்தான் சார் கொடஞ்சேன். பலம் கொறையாத எடமாப் பாத்துத்தான் எடுத்திருக்கறேன். அந்தண்ணனுக்குத் தூக்க முடியலீங்க சார். நீங்க கேக்க மாட்டேங்கறீங்க."

"யாரு ட்ராயிங் அது?"

"உங்க ட்ராயிங்தான் சார். தூக்கறது அவரு."

பாத்தீங்களா? என்ற பட்டறையில, என்ற கட்டையில, இவ எனக்குச் சொல்றா! அன்னைக்கே கணக்கை முடிச்சு அனுப்பிச்சிட்டேன். அவ சோத்து டப்பாவை எடுத்துப் பையில போட்டுக்கிட்டா. அழுவா, கெஞ்சுவான்னு பாத்தேன். 'வர்றேன் சார்'னு கூடச் சொல்லலை. இப்ப எங்கியோ சோபா செய்யற கம்பெனியில இருக்கறாளாம். நல்ல வேலைதான் அவளுக்கு. சோபா யாரு ட்ராயிங்கையும் பாத்துச் செய்யறதில்ல.

அப்பறம் நான் உக்காந்தேன். ஈயக்குண்டு, பொடிசா இருக்கும், அதை எபாக்சி பசையில கொழச்சு, அவ கொடஞ்ச ரண்டு பொந்துலயும் அடைச்சேன். முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவுன்னு கணக்குப் போட்டு, துப்பாக்கியோட கனம் சமமா நிக்கற புள்ளி நான் ட்ராயிங்ல போட்ட அதே எடத்துல வர்றமாதிரி. நானூத்தி இருவது கிராம், ஒரு கிராம் கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. தகட்டை முடுக்கி, ஒட்டி, வார்னிஷ் அடிச்சு, எடை போட்டுப் பாத்தேன். மனசு நெறஞ்சு போச்சுங்க. யாராலயும் கண்டுபுடிக்க முடியாது.

இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. ஸ்டெல்லாவுக்குத் தெரியாது. உங்ககிட்ட எதுக்குச் சொல்றேன்னு எனக்கும் தெரியலை. நீங்க வெளிய போயிச் சொன்னாலும் எவனும் நம்ப மாட்டான், அதுனால இருக்கலாம்.

அவன் வந்தான். துப்பாக்கியைக் கட்டையில மாட்டிக் குடுத்தேன். ரண்டு கையிலயும் வாங்கினான். வாங்கினவன் சித்த நேரம் அப்படியே நின்னான். மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. நான் என்ன நெனச்சேன்னா, வார்னிஷைப் பாத்துச் சொக்கிப் போயிட்டான்னு நெனச்சேன். மேல ஒண்ணும் கேக்கலை. "சரிங்க சார்"னு மட்டும் சொல்லிட்டு, டிரைவரைக் கூப்பிட்டு அவன் கையில குடுத்து அனுப்பிச்சான்.

தை மாசம் போட்டிக்கு நானும் போனேன். வழக்கமாப் போறதில்ல. நூறு பேரு குப்புறப் படுத்துக்கிட்டு, காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டு, ஒத்தக் கண்ணுல பாத்துக்கிட்டு இருக்கறதை எவன் பாப்பான்? ஆனா அவன் சம்சாரம் வசந்தாமணி போன் பண்ணிச்சு. "நீங்க அவசியம் வரோணுமுங்க. அவரு ஆசைப்படறாரு."

போனேன். மொதல்ல என்ற கட்டையைத்தான் பாத்தேன். அந்தம்மா தூக்கிட்டு வருது, அவன் கையை வீசிட்டுப் பின்னால வர்றான். பெரிய மனுசன் தோரணையைப் பாருன்னு நெனச்சேன். எடை போடற எடத்துல எட்டுக்குள்ள இருக்குதுன்னு ஒரு சீட்டை ஒட்டி விட்டுட்டானுக. எவ்வளவுன்னு அவனுக சொல்றதில்ல, இவனுகளும் கேக்கறதில்ல.

இருவது குண்டு. கையில வார் மாட்டித் தாங்கிக்கிட்டு சுடோணும், கீழ முட்டுக் குடுக்கக் கூடாது. அதுக்கு ஒரு நேரக் கணக்கு இருக்குது. மொத ஏழு குண்டு நடுப்புள்ளி. ஏழும்! பக்கத்துல தொலைநோக்கியில பாத்துட்டு இருந்த ஒரு பெரியவரு என்ற பக்கம் திரும்பி, "யாரு செஞ்ச கட்டை?"ன்னு கேட்டாரு. நான் பதில் சொல்லலை. கேக்கறவனுக்கெல்லாம் சொல்றதுக்கா செய்யறோம்?

பத்து. பன்னண்டு. கொஞ்சம் கொஞ்சமா நேரம் எச்சா எடுத்துக்கிட்டான். ஒரு குண்டு சுட்டுட்டுத் துப்பாக்கியை எறக்கி வெப்பான், தலையைக் கட்டை மேலயே சாச்சுக்குவான், மறுபடி ஏத்துவான். பதினஞ்சு. பதினாறு. பதினேழு. பதினேழும் அட்டையோட கறுப்பு வட்டத்துக்குள்ள. பாதிக்கு மேல நடுப்புள்ளி. மூணே மூணு குண்டு மிச்சம். அட்டையில எங்கியாச்சும் பட்டாக் கூட அன்னைக்கு அவன் ரண்டாவது எடம். நேரம் இருந்துது. நாலு நிமிசத்துக்கு மேல இருந்துது.

அவன் ஏத்தலை. துப்பாக்கியைக் கீழ வெச்சுட்டு, காதுல இருந்ததைக் கழட்டிட்டு, அப்படியே படுத்திருந்தான். மணி அடிச்சிருச்சு.

எனக்கு வந்துதுங்க ஒரு கோபம். அத்தனை பேரு நிக்கறாங்க. அவனைக் கைத்தாங்கலா எழுப்பி நெழல்ல நாற்காலி போட்டு உக்கார வெச்சிருந்தாங்க. நேராப் போனேன். "ஏனுங்க, மூணு குண்டு சுடறதுக்கு உங்களுக்குச் சோம்பலுங்களா? இப்படி ஒரு கட்டையைச் செஞ்சு குடுத்தும் பாதியில எந்திரிக்கறீங்கன்னா, உங்களையெல்லாம் என்ன சொல்றது? உங்களுக்கு இது பொழுதுபோக்கு. எனக்கு இது தொழிலுங்க. போயி கோல்ப் ஆடுங்க, ஆள் வெச்சு ஆடலாம்!"

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அவன் சிரிக்கறான்! அப்பவும் சிரிக்கறான். வசந்தாமணி என்ற கையைப் புடிச்சு, "வாங்க இப்படி"ன்னு அக்கட்டால இழுத்துட்டுப் போச்சு. சின்னப் புள்ளையை இழுக்கறாப்புல. தண்ணித் தொட்டிகிட்ட கொண்டு போயி நிறுத்திச்சு.

"அவருக்கு நரம்பு நோவுங்க"ன்னுச்சு. "சதை கரைஞ்சுக்கிட்டே வருது. புரட்டாசி கடைசியிலதான் கண்டுபுடிச்சாங்க. மருந்து கெடையாது. மொதல்ல கை, அப்பறம் காலு, அப்பறம் மூச்சு. வெளிய தெரிஞ்சா கிளப்புல சுட விட மாட்டாங்கன்னு நாங்க ரண்டு பேருமே மறைச்சு வெச்சிருந்தோமுங்க."

புரட்டாசியில ரண்டு மில்லி. ஐப்பசியில மூணு மில்லி. எல்லாம் என்ற கையெழுத்துல, தேதி போட்டு, என்ற மேசையில இருந்துது. டாக்டருக்கு முன்னாடியே நான் பாத்தவன். அரை மில்லி என்ற கண்ணுக்குத் தெரியும்னு சொன்னேனல்ல?

"நீங்க திட்டுனதுக்கு நான் வருத்தப்படலீங்க"ன்னுச்சு அந்தம்மா. "அவருக்கு உங்ககிட்ட வர்றதுதான் புடிக்கும். வீட்டுல எல்லாரும் அவரு கையைப் பாத்துட்டுக் கண்ணு கலங்கறாங்க. 'வரதராஜுலு பட்டறையில மட்டும்தான் நான் இன்னும் திமிர் புடிச்ச பணக்காரன், வேற ஒரு சீக்கும் இல்ல'ன்னு சொல்லிச் சிரிப்பாரு."

அதோட விட்டிருக்கலாம் அந்தம்மா. விடலை.

"நீங்க எடையைக் கொறைச்சுக் குடுத்ததுக்கும் நன்றிங்க. ஸ்டெல்லாப் பொண்ணு போன்ல சொல்லுச்சு, நானூறு கிராமுக்கு மேல கொறைச்சாச்சு, அண்ணனுக்கு இனிச் சிரமம் இருக்காதுன்னு. அதைக் கேட்டு எத்தனை சந்தோசப்பட்டாரு! ஆனா அன்னைக்கு உங்ககிட்ட வாங்கிட்டு வந்தவரு, கார்ல பேசவே இல்லீங்க. ஊட்டுக்கு வந்துதான் சொன்னாரு. 'லேசாக்குன துப்பாக்கியே முன்னைய விடக் கனக்குது வசந்தா. அப்ப நான் நெனச்சதை விட வேகமாப் போயிட்டு இருக்குது'ன்னு. அதுக்கப்பறம் மனசு விட்டுட்டாருங்க. டாக்டரு இன்னும் ஒரு வருசம் சுடலாம்னுதான் சொன்னாரு. இவருதான் இதோட போதும்னுட்டாரு."

டீ ஒண்ணு சொல்லட்டுங்களா? வேண்டாமா? சரி.

நான் திரும்ப அவருகிட்டப் போனேன். என்னத்துக்குப் போனேன்? சொல்றதுக்குத்தான் போனேன். நாற்காலி பக்கத்துல ஒரு பெஞ்சு இருந்துது, அதுல உக்காந்தேன். சுத்தியும் கிளப்பு ஆளுக, அந்தப் பெரியவரு, தொலைநோக்கியோட. அவரு ரண்டு கையையும் மடியில வெச்சிருந்தாரு. அப்பத்தான் பாத்தேன் அந்தக் கையை. கட்டைவெரலுக்குக் கீழ ஒரு எலுமிச்சங்காயை வெக்கலாம், அத்தனை குழி.

"சார், ஒண்ணு கேக்கட்டுங்களா?"ன்னாரு.

"கேளுங்க."

"சரியா எத்தனை கிராம் கொறைச்சீங்க?"

பாருங்க, வாய்ப்பு தானா வந்துது. அவரே கேட்டாரு. ஒண்ணுமே கொறைக்கலீங்க, கொறைச்சதையும் நான் ஈயத்தை அடைச்சுப் பழையபடி ஆக்கிட்டேன், உங்க கை அத்தனை மோசமா இல்லீங்கன்னு ஒரே மூச்சுல சொல்லியிருக்கலாம். சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சேன். அந்தப் பெரியவரு கேட்டுட்டு இருக்கறாரு. நாளைக்குக் கோயமுத்தூர் பூராப் பேசுவான். ஒரு சீக்காளி கெஞ்சிக் கேட்டும் கொறைக்காம, வேலைக்காரி கொறைச்சதையும் ஈயம் வெச்சு அடைச்சவன் வரதராஜுலுன்னு. நான் என்ன சீக்குன்னு தெரிஞ்சா செஞ்சேன்? அவியதான் மறைச்சாங்க. தப்பு யாரு மேல?

"நானூத்தி இருவதுங்க"ன்னேன்.

அவரு தலையை ஆட்டுனாரு. "அப்பச் சரிங்க"ன்னாரு. கொஞ்ச நேரம் அந்த அட்டைகளைப் பாத்துட்டு இருந்தாரு. "நீங்க கொறைச்சுக் குடுத்தும் முடியலைன்னா, அது முடியாததுதான். இனித் தெரிஞ்சுக்கறதுக்கு ஒண்ணுமில்ல."

அதுக்கப்பறம் அவரு துப்பாக்கியைத் தொடலை. கிளப்புக்கே குடுத்துட்டாராம். நான் ரண்டு தடவை உடுமலைக்குக் கெளம்பி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன். வெயிலு. எனக்கும் அறுவத்தியொண்ணு ஆகுது, நெனச்ச நேரத்துக்கெல்லாம் போக முடியுமுங்களா? மூணாவது தடவை போனது அடுத்த ஐப்பசியில, அவரு துக்கத்துக்கு.

ஊடு மில்லுக்குள்ளயே இருக்குது. கேட்டுக்குள்ள நுழைஞ்சா மொதல்ல ஒரு எடைமேடை, லாரியே ஏறி நிக்கறாப்புல. அதைத் தாண்டுனா நூல் பேக்கிங் செக்சன். அன்னைக்கு மில்லு லீவு. கதவெல்லாம் தெறந்து கெடந்துது, ஆளுக உள்ள குந்தியிருந்தாங்க. வரிசையா தராசுங்க. நான் எண்ணுனேன், பதினொண்ணு. எல்லாம் கிராம் சுத்தமாக் காட்டற தராசு. நூல் கண்டு ஒவ்வொண்ணையும் அதுல வெச்சுத்தான் பொட்டியில போடுவாங்களாம். ஒரு கிராம் முன்னப்பின்ன இருந்தா மொதலாளி ஒத்துக்க மாட்டாருன்னு ஒருத்தன் சொன்னான்.

எனக்கு எப்படி இருந்துதுங்கறீங்க? மாலையைக் கையில வெச்சுட்டு அங்கியே நின்னுட்டேன். பதினொரு தராசுங்க! ஊட்டுக்கும் அதுக்கும் அம்பதடி கூட இல்ல. ஒரே ஒரு நாளு, அந்தத் துப்பாக்கியைத் தூக்கிட்டு வரச் சொல்லி அதுல ஒண்ணுல வெச்சிருந்தாருன்னா போதும், நான் மாட்டியிருப்பேன். காரை எடுத்துட்டு வந்து இந்த ஸ்டூல்ல உக்காந்து என்ற சட்டையைப் புடிச்சிருக்கலாம். வெக்கலை. நூலை நம்பாம எடை போட்ட மனுசன், நான் சொன்னதை அப்படியே நம்பீட்டாரு. இத்தனை பெரிய மில்லை நடத்துனவரு, இப்படியா மடத்தனமா ஒருத்தனை நம்பறது?